பட்டியலில் இல்லாத டாக்டரம்மா

விழுப்புரம்
7.6.2024

அன்புத் தங்கச்சி அஸ்வினிக்கு,

அக்கா லூர்துமேரி முத்தங்களோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அவருக்கு மட்டும் முதுகுவலி. லாரி ஓட்டுகிறவருக்கு முதுகு வலிக்காமல் மூக்கா வலிக்கும்? நீயும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகம்தானே? நாலாம் மாசம் பிறந்துவிட்டது, வாந்தி நின்றதா?

இந்தக் காலத்தில் போய் என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாயே. உன் போன் தண்ணீர் டிரம்மில் விழுந்து ஒரு மாதம் ஆகிறது. உன் வீட்டுக்காரர் அலெக்ஸ் தம்பி போனுக்கு அடித்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நமக்குள் ஆயிரம் பொம்பளைப் பேச்சு இருக்கும், அவருக்கு அதில் என்ன? தையல் கடை வடிவு அக்கா போனில் பேசலாம் என்றால் அதுவும் வேண்டாம் என்கிறாய், அவள் மகனும் அலெக்ஸ் தம்பியும் ஒரே கம்பெனியாம். அவள் கடை முகவரிக்குத் தபால் போடு, ஹெம்மிங் துணி வாங்கப் போகும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று கூட்டேரிப்பட்டு கல்யாணத்தில் என் காதைக் கடித்தாய். சரி, போட்டுவிட்டேன். ஆனால் முதலில் அவரை ஒரு போன் வாங்கித் தரச் சொல். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு உண்டு.

இப்போது நல்ல சேதி. நேற்று அலெக்ஸ் தம்பி என்னைக் கூப்பிட்டார். அவருடைய ஷூ கம்பெனியில் இந்த மாதம் இன்சூரன்ஸ் பிளான் எடுக்க வேண்டுமாம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள். இரண்டு பிளான் இருக்கிறது. ஒன்று, நீங்கள் இதுவரை வைத்திருந்தது. எந்த டாக்டரிடமும் போகலாம், கைக்காசு கொடுத்துவிட்டு அப்புறம் பில்லை அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று கேஷ்லெஸ். கார்டைக் காட்டினால் போதும், செக்கப் முதல் பிரசவம் வரை பைசா வேண்டாம். ஆனால் பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் போக முடியும். திண்டிவனத்தில் ஒன்றுகூட அதில் இல்லை. விழுப்புரத்தில் இருக்கிறது, எது என்று நினைக்கிறாய்? எங்கள் ஆஸ்பத்திரி!

"நீங்கதான் அந்த கவுன்டர்லயே உக்காந்துகினு இருக்கீங்களேக்கா, நீங்களே சொல்லுங்க, எத எடுக்கலாம்?" என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் தெரியுமா? "கேஷ்லெஸ்ஸ எடுங்க தம்பி, எந்தங்கச்சிய நான் பாத்துக்கறேன்" என்றேன். அன்றைக்கே எடுத்துவிட்டாராம்.

இன்சூரன்ஸ் கவுன்டரில் உட்கார்ந்து ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அப்ரூவல் வாங்கிக் கொடுக்கிறேன். சொந்தத் தங்கச்சிக்கு ஒரு தடவை செய்ய வேண்டாமா? அம்மா அப்பா இல்லாத குறை தெரியாமல் உன் பிரசவத்தை நான் பார்ப்பேன். நீ ராணி மாதிரி வந்து இறங்கு.

வடிவு அக்காவைக் கேட்டதாகச் சொல். பதில் போடு, சோம்பேறி.

உன் அக்கா,
லூர்துமேரி


திண்டிவனம்
19.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். மாமா முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எனக்கு வாந்தி குறைந்திருக்கிறது.

அந்தப் பிளானை மறுபடி மாற்ற முடியுமா, அக்கா?

தமிழ்ச்செல்வி டாக்டரம்மா ஆஸ்பத்திரி வடிவு அக்கா கடைக்குப் பின்தெருவில்தான் இருக்கிறது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஓடினால் பொங்குவதற்குள் திரும்பிவிடலாம். நானே போய் நானே வந்துவிடுவேன். அந்த அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. பொம்பளை உள்ளே போனால் கூட வந்த ஆம்பிளை வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். புருஷனோ போலீஸோ, யாராக இருந்தாலும் அதுதான். கதவைச் சாத்திவிட்டு, வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் முகத்தைப் பார்ப்பார்கள், கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அப்புறம்தான், "ம், சொல்லு" என்பார்கள்.

விழுப்புரம் என்றால் அவரோடுதான் வர வேண்டும். கார்டைக் காட்டினாலே அவர் போனுக்கு மெசேஜ் வருகிறதாம். எந்த டாக்டர், எதற்கு, எத்தனை மணிக்கு எல்லாம் அதில் இருக்குமாம். "இனிமே உன் உடம்பு என் போன்ல இருக்குது" என்று சொல்லிச் சிரிக்கிறார். டாக்டரம்மா பக்கம் இனிமேல் போகக் கூடாதாம். ஏன் என்று கேட்டால், "உங்க அக்காதானே சொன்னாங்க" என்கிறார்.

எனக்குக் காரில் உட்கார்ந்தாலே குமட்டுகிறது. அதனால்தான் கேட்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

வடிவு அக்கா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அஸ்வினி


விழுப்புரம்
2.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஒத்தடம் கொடுக்கப் போய் உன் மாமா தோலைப் பொசுக்கிவிட்டேன், அது தவிர சௌக்கியம். நீ இளநீர் குடிக்கிறாயா? இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. கேப்பைக் கூழ் தினமும் குடி.

பிளானை இனி அடுத்த ஜூன் வரை மாற்ற முடியாதம்மா. இது என்ன காய்கறிக் கடையா, கத்திரிக்காய் வேண்டாம் வெண்டைக்காய் கொடு என்று கேட்க? அந்தத் தமிழ்ச்செல்வி டாக்டரிடம் அப்படி என்ன இருக்கிறது? நானும் ஒரு தடவை வந்து பார்த்தேனே. கட்டில் ஆடுகிறது, ஃபேன் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஏசி இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது, டிவியில் பாட்டுப் போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் நான் இருக்கிறேன்.

கூடப் பிறந்தவள் இருக்கும்போது பின்தெரு டாக்டர் எதற்கு என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

வருகிற பதினெட்டாம் தேதி உனக்கு அப்பாயின்ட்மென்ட். அலெக்ஸ் தம்பி லீவு போட்டுவிட்டுத் தானே கூட்டி வருகிறேன் என்றார். உன் மாமா என்னை ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாரா? கொடுத்து வைத்தவளடி நீ. வந்தால் பிரியாணி, வராவிட்டால் நானே அங்கே வந்து காதைத் திருகுவேன்.

உன் அக்கா,
லூர்துமேரி


திண்டிவனம்
22.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். நீ கொடுத்த மல்லாட்டை உருண்டையை அவர்தான் சாப்பிட்டார். குழந்தை நன்றாக வளர்கிறது என்று உங்கள் டாக்டர் சொன்னது சந்தோஷம்.

உங்கள் டாக்டர் நல்லவர்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் என்னைக் கேட்டதற்கெல்லாம் இவர் பதில் சொன்னார். தூக்கம் எப்படி என்றால் "நல்லா தூங்குறா சார்". பசி எப்படி என்றால் "நல்லா சாப்பிடுறா சார்". டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே எழுதினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழங்கைக்கு மேலே என்ன கறுப்பாக இருக்கிறது என்று நீ கேட்டாய். பீரோ கதவு இடித்துவிட்டது என்றேன். அவர் உன் பக்கத்தில் நின்று பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நீ நம்பிவிட்டாய்.

பாத்ரூம் போகிற சாக்கில் உன்னைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அவர் என் பையோடு வாசலிலேயே நின்றார்.

நீ அந்தக் கவுன்டரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு, என்னை எல்லோருக்கும் "எந்தங்கச்சி, எந்தங்கச்சி" என்று காட்டிக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் இருந்த அந்தப் பெருமையைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை, அக்கா.

மாமாவுக்கு என் அன்பு.

அஸ்வினி


விழுப்புரம்
30.7.2024

அஸ்வினி,

நாங்கள் நலம். உன் நலம்தான் எனக்குப் புரியவில்லை.

உன் கடிதத்தைச் சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டு படித்தேன். காப்பி ஆறிப் போனது. உன் மாமாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "பீரோ கதவு அவ்ளோ ஒசரத்துலயா இடிக்கும்?" என்றார். அந்தப் புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று.

நேராகக் கேட்கிறேன். அவன் உன்னை அடிக்கிறானா?

ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. உடனே எழுது.

அக்கா


விழுப்புரம்
28.8.2024

அஸ்வினி,

எப்படி இருக்கிறாய்? ஒரு மாதமாகப் பதில் இல்லை. அவன் போனுக்கு அடித்தேன், "தூங்குறாக்கா" என்கிறான். மறுநாளும் தூங்குகிறாயாம். மாமா லாரியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று குதிக்கிறார். நான்தான், உன்னிடமிருந்து ஒரு வரி வரட்டும், அவசரப்பட்டு உன் குடித்தனத்தைக் கலைத்துவிடக் கூடாது என்று பிடித்து வைத்திருக்கிறேன். இந்த மாதச் செக்கப்புக்கும் வரவில்லை.

கடவுளே, ஒரு வரி எழுதடி.

அக்கா


திண்டிவனம்
14.9.2024

அக்கா,

நான் நலமாக இல்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் நலம் நலம் என்று எழுதிக் கை கூசிவிட்டது. இன்றைக்கு எழுதப்போவதில்லை.

அடிக்கிறான். கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து அடிக்கிறான். முதலில் கையால் அடித்தான், அப்புறம் பெல்ட், அப்புறம் கைக்கு எது கிடைக்கிறதோ அது. போன் டிரம்மில் விழவில்லை. என் தலையில்தான் உடைந்தது. உச்சியில் தமிழ்ச்செல்வி டாக்டரம்மா போட்ட தையல் இருக்கிறது. நீ பூ வைத்துவிடும்போது உன் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கும், நீ பேசிக்கொண்டே இருந்தாய்.

அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லி இல்லை, அவர்களே பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தையல் போட்ட மறுநாளே அவனைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இந்தப் பொண்ணு மேல காயத்தோட வந்தா நான் ஸ்டேஷனுக்கு போன் பண்ணுவேன்பா" என்றார்கள். அன்றிலிருந்து அவனுக்கு அந்தத் தெரு என்றாலே ஆகாது. தெரிந்த டாக்டர் ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் அடிப்பது கஷ்டம் அக்கா. அடி ஆறும் முன்னால் நான் அங்கே போய் நின்றுவிடுவேனே.

என்னை எப்படி அங்கே போகவிடாமல் செய்வது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கம்பெனியில் பிளான் வந்தது. உன்னிடம் கேட்பதற்கு முன்னாலேயே அவன் முடிவு பண்ணிவிட்டான். நீ வாயைத் திறந்து சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன் என்று உன்னைக் கேட்டான். நீயும் சொன்னாய். போனை வைத்துவிட்டு, "பாத்தியா, உங்க அக்காவே பூட்டிட்டாங்க" என்றான்.

ஆகஸ்டில் விலா எலும்பு விட்டுவிட்டது. மூச்சு இழுத்தால் குத்தும். டாக்டரிடம் போகலாம் என்றேன். "கார்டு விழுப்புரத்துக்குத்தான். அங்க போனா உங்க அக்கா கேப்பா. சும்மா பட்து கெட" என்றான். சும்மா கிடந்தேன். அதனால்தான் கடிதம் இல்லை, கையைத் தூக்க முடியவில்லை. வடிவு அக்கா ஒரு நாள் கொல்லைப்பக்கமாக வந்து துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். டாக்டரம்மா காசு வேண்டாம் வரச் சொல் என்று சொல்லி அனுப்பினார்களாம். போனால் தெருவே அவனிடம் சொல்லும்.

அன்றைக்கு அடித்தபோது வயிற்றை மட்டும் விட்டான். "இது கேஷ்லெஸ்ல வர்ற புள்ள, பத்தரமா வெச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே அடித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அவனைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

இப்போது வராதே. நீ வந்துவிட்டுப் போன பிறகு நான்தான் இங்கே இருக்க வேண்டும். யோசித்து ஏதாவது செய்.

அஸ்வினி


விழுப்புரம்
20.9.2024

என் தங்கமே,

உன் நலத்தைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் சோறு தின்றே இரண்டு நாளாகிறது. மாமா கடப்பாரையை எடுத்து லாரியில் போட்டுவிட்டார், சாவியை நான் பிடுங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். நானே அவனை அரிவாள்மனையில் வைத்து அரிவேன். ஆனால் முதலில் நீ வெளியே வர வேண்டும்.

எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். அக்டோபர் பதினாலு உனக்குச் செக்கப். செக்கப் என்றால் அவன் கூட்டி வந்துதான் ஆக வேண்டும், போன தடவையே தவறிவிட்டது என்று கம்பெனிக்குப் புகார் போகும் என்று சொல்லி மிரட்டி வைத்திருக்கிறேன். அன்றைக்கு லேடி டாக்டரிடம் உன்னை மாற்றியிருக்கிறேன். அவர்கள் அவனை வெளியே நிறுத்துவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் குடும்பப் பிரச்சனைக்கு என்று ஆலோசனை சொல்கிற மேடம் ஒருத்தர் வருகிறார், அவரிடமும் உனக்கு நேரம் போட்டுவிட்டேன். உன் கார்டு நம்பர் எனக்கு மனப்பாடம், அந்த வாரத்துக்கான புக்கிங் திறந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன். பின்வாசலில் மாமா நிற்பார். உள்ளே வந்தவள் அவனோடு திரும்பிப் போகப்போவதில்லை.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு காரில் ஏறு. அது போதும்.

உன் பாவி அக்கா,
லூர்துமேரி


விழுப்புரம்
19.10.2024

அஸ்வினி,

வடிவு அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பி இருக்க முடியவில்லை. நீயும் குழந்தையும் உயிரோடு இருக்கிறீர்கள், அதற்கு மேல் எதையும் கேட்க மாட்டேன்.

அன்றைக்கு நான் உன் ரூம் வாசலில் நின்றபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். டாக்டரம்மா என் தோளைத் தொட்டு, "அப்பறம் வாங்கம்மா" என்றார்கள். வந்துவிட்டேன். உனக்கு என்ன கோபம் என்று தெரியாது. கோபப்பட ஆயிரம் இருக்கிறது, எது என்றுதான் தெரியவில்லை. என் பக்கம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் தேதி மத்தியானம் சாப்பாட்டு நேரம். கவுன்டரில் கூட்டம். யாரோ கார்டை வைத்தார்கள். நிமிர்ந்தால் அலெக்ஸ். வலது கையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தான், சட்டையில் ரத்தம், மூஞ்சி வெளுத்திருந்தது.

"பைக்ல இருந்து விழுந்துட்டேன்க்கா. எலும்பு போச்சு. ஜல்தி அப்ரூவல் போட்டுக் குடுங்க."

"அஸ்வினி எங்க?"

"வூட்ல தூங்கிக்கினு இருக்கா."

இடது கையால் கார்டை என் பக்கம் தள்ளினான். வாட்ச் பட்டையில் முடி சிக்கியிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்து. நீள முடி. அது யார் முடி என்று எனக்குத் தெரியாதா? சின்னதிலிருந்து நான் வாரிப் பின்னிய முடி.

கவுன்டரைச் சுற்றிக்கொண்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. துண்டோடு அந்தக் கையைப் பிடித்து முறுக்கினேன். எலும்பு உள்ளே நகர்ந்தது, என் கைக்குத் தெரிந்தது. மாடு மாதிரிக் கத்தினான். "கொன்னுட்டியாடா? எங்கடா எந்தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே முறுக்கினேன். செக்யூரிட்டி கண்ணையன் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார், நான் விடவில்லை. தரையில் மண்டிபோட்டு விழுந்தான். விழுந்தவனைக் காலாலும் உதைத்தேன். ஆஸ்பத்திரியே பார்த்தது. கடைசியில், "தமிழ்ச்செல்வி ஆஸ்பத்திரில இருக்காக்கா, உசுரோடதான் இருக்கா, வுட்டுடுங்க" என்று அழுதான். அப்போதுதான் விட்டேன்.

பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியின் பேரைக் கேட்டு நான் அப்படி அழுவேன் என்று நினைத்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் திண்டிவனத்திலிருந்து போலீஸ் வந்து அவனைக் கட்டுப் போட்ட கையோடு கூட்டிப்போனது. மறுநாளே மேனேஜர் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். பேஷன்ட்டை அடித்தால் சும்மாவா விடுவார்கள்? எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த நாற்காலியில் இனி என்னால் உட்காரவும் முடியாது.

உனக்குத் தோன்றும்போது எழுது. தோன்றாவிட்டால் எழுதாதே. குழந்தை கண் திறந்ததா என்று மட்டும் வடிவு அக்காவிடம் சொல்லி அனுப்பு.

லூர்துமேரி


திண்டிவனம்
11.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை கண் திறந்துவிட்டாள். பால் குடிக்கிறாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து என் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு விலாவில் இன்னும் குத்துகிறது, கீழ் உதட்டில் தையல் பிரித்தாகிவிட்டது. இப்போது என் நலம் இவ்வளவுதான். மாமா எப்படி இருக்கிறார்? நீ சாப்பிடுகிறாயா?

நான் ஏன் சுவர்ப் பக்கம் திரும்பினேன் என்று சொல்கிறேன்.

எட்டாம் தேதி காலையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் கூவியது. உன் ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ். பதினாலாம் தேதி லேடி டாக்டர், அதன் கீழே குடும்ப ஆலோசனை என்று என் பேர் போட்டு வந்திருந்தது. கார்டில் எதைப் போட்டாலும் அவன் போனுக்குப் போகும் என்று உனக்கு ஜூன் மாதமே எழுதினேன் அக்கா. அந்தக் கவுன்டரிலேயே உட்கார்ந்திருந்த உனக்கு அது மறந்துபோனது. எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிற வேகத்தில் நீ யாரையும் காதில் வாங்குவதே இல்லை.

சோற்றுக் கையோடு எழுந்தான். என் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரில் மோதினான். இந்தத் தடவை வயிற்றை விடவில்லை. மிதித்தான். புடவை நனைந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவனுக்கே பயம் வந்துவிட்டது. "கார எடுத்தாறேன், விழுப்புரம் போலாம், கார்டு இருக்குது" என்று வெளியே ஓடினான். அப்போதும் கார்டுதான்.

விழுப்புரம் வரைக்கும் நான் தாங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நடந்தேன். பட்டப்பகல், தெருவே பார்த்தது. வடிவு அக்கா மிஷினை விட்டுவிட்டு ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். டாக்டரம்மா என்னைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்றும் கேட்காமல் படுக்கையில் ஏற்றினார்கள்.

பின்னாலேயே வந்துவிட்டான். டாக்டரம்மா வாசலில் நின்று, "ஆம்பளைங்க வெளிய" என்றார்கள். எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னார்கள். அறைந்தான், அக்கா. அறுபது வயது அம்மாவை. கண்ணாடிக் கதவை எட்டி உதைத்தான், அது பொலபொலவென்று கொட்டியது. மருந்து அலமாரியைக் கவிழ்த்தான். நர்ஸ் ஒருத்தி கத்திக்கொண்டே மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் டாக்டரம்மா கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "எம்பொண்டாட்டிய அனுப்புடி, உங்கிட்ட கார்டு செல்லாது" என்றான்.

அவர்கள் தலைமுடி அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன். எனக்கு எங்கிருந்து தெம்பு வந்தது என்று கேட்காதே. பாட்டில் தொங்கவிடுகிற இரும்பு ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கி அவன் மணிக்கட்டில் போட்டேன். விடவில்லை. மறுபடி போட்டேன். உடைந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவதாகத் தலைக்கு ஓங்கினேன், வடிவு அக்கா பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் நான் ஜெயிலில் இருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

அவன் ஓடினான். எனக்கு அதே படுக்கையில் வலி எடுத்தது. அறைபட்ட கன்னம் வீங்கிக்கொண்டே வர, அந்த அம்மாதான் குழந்தையை வெளியே எடுத்தார்கள்.

என் விலா எலும்புக்கு யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்குப் போலீஸ் வந்தது. டாக்டரை அடித்தால் உடனே ஜாமீன் கிடையாதாமே. பொண்டாட்டியை அடித்ததற்கும் சேர்த்து எழுதுங்கள் என்று டாக்டரம்மா ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து எழுத வைத்தார்கள்.

நேற்று மாமியார் வந்தாள். குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, கையில் பேப்பரோடு வந்தாள்.

"நீ கால் தடுக்கி வுழுந்தன்னு கையெழுத்து போட்டுடும்மா. ஜூன்ல பிளான மாத்திடுறானாம். இந்த டாக்டர்கிட்டயே காட்டிக்கலாமாம், நீயே எது வேணுமோ எடுத்துக்கன்னு சொல்லி வுட்டான். புள்ள பேரையும் கார்டுல ஏத்தணும், அதுக்கு நாள் போய்க்கினே இருக்குது."

"புள்ளைக்கி இன்னும் பேரே வெக்கல அத்த. வெச்சாலும் அதுல ஏறாது. எம்பேரையும் எடுத்துடச் சொல்லுங்க."

"அப்ப கோர்ட்ல என்னாதான் சொல்லப்போற?"

"அவன் அடிச்சதயும் சொல்லுவேன். நான் அடிச்சதயும் சொல்லுவேன்."

பேப்பரை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அக்கா. சீக்கிரம் போகாது. நீ அவன் கையை முறுக்கியதை வடிவு அக்கா திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினாள், அப்போதும் கோபம் போகவில்லை, ஆனால் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வா. மாமாவையும் கூட்டி வா, அவர் வெளியே பெஞ்சில் உட்காரட்டும். வந்து யோசனை சொல்லாதே, ஏற்பாடு எதுவும் செய்யாதே. இவளை மடியில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார். நான் தூங்க வேண்டும்.

அன்புடன்,
அஸ்வினி